குதியாளம்

"எய்யா, இத்தன குட்டி கெடக்கு. ஒரு சத்தத்தையும் காணமே?"

என் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி இது. பதினோரு குட்டிகள் அன்று பரண் மேல் இருந்தன. எல்லாம் சுவரோரமாக ஒன்றையொன்று ஒட்டி நின்றுகொண்டிருந்தன. "நல்ல அடக்கமா வளருது பெரியம்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகை மேலேயே குத்தவைத்து உட்கார்ந்தார். பத்து நிமிடம் இருக்கும். எழுந்து வெளியே போய் மூக்கைச் சிந்தினார். கண் சிவந்திருந்தது.

"நீயும் ஒருக்கா உக்காந்து பாரு" என்றார்.

உட்கார்ந்தேன். நிற்கும்போது லேசாகத் தெரிந்த மூத்திர வாடை, உட்கார்ந்ததும் மிளகாய்ப்பொடி போல மூக்குக்குள் ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. மூன்று மாதமாக அந்தக் கொட்டகையில் காலையும் மாலையும் வேலை பார்க்கிறேன். ஒரு நாள்கூட குட்டியின் மூக்கு இருக்கும் இடத்துக்கு என் மூக்கைக் கொண்டுபோனதில்லை.

எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம். கரிசல்காடு. மழை பெய்தால் கால் புதையும், வெயில் அடித்தால் நிலம் பாளம்பாளமாக வெடிக்கும். 2011-ல் அரசு விலையில்லா ஆடுகள் கொடுத்தபோது அம்மாவுக்கும் நான்கு கிடைத்தது. அந்த நான்கும் திண்ணையில்தான் படுக்கும். குட்டி போட்டால் அம்மா அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து, அதற்குள் குட்டியை விட்டு, மேலே அம்மிக்குழவியை வைப்பாள். ஆட்டுக்கு வீடு என்று தனியாக ஒன்றைப் பற்றி நாங்கள் யோசித்ததே கிடையாது. குட்டிகள் வளர்ந்தன, சந்தைக்குப் போயின, என் படிப்புக்கும் கொஞ்சம் உதவின.

ஐந்து வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அதை விட்டு ஊருக்குத் திரும்பியபோது, ஆடுதான் என் தொழில் என்று முடிவு செய்திருந்தேன். காட்டில் மேய்ச்சல் குறைந்துபோயிருந்தது. காற்றாலையும் சூரிய மின்தகடுகளும் வந்த இடமெல்லாம் வேலி. ஆடோ கூடிக்கொண்டே இருந்தது. கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வெள்ளாடுகள் 2012-ல் ஏறத்தாழ 81 லட்சம், 2019-ல் ஏறத்தாழ 99 லட்சம். இத்தனை ஆட்டுக்கும் மேய்ச்சல் எங்கே? இனிமேல் கொட்டில்தான் வழி என்று நினைத்தேன். கடன் வாங்கி நாலடி உயரத்தில் பரண் போட்டேன். கூரைக்குத் தகரம். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் இருபது கன்னி இனப் பெட்டைகளைப் பொறுக்கி வாங்கினேன். கறுப்பு உடம்பு, கொம்படியிலிருந்து மூக்கு வரை முகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு இறங்கினால் பால்கன்னி, அந்தக் கோடு செம்பட்டையாக இருந்தால் செங்கன்னி. வண்டியிலிருந்து இறங்கி அவை பரணில் ஏறியபோது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

பரணுக்கு வாங்கிய ரீப்பர் பச்சை மரம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. போடும்போது இடைவெளி அரை அங்குலம்தான். வெயிலில் மரம் காய்ந்து சுருங்கச் சுருங்க அது அகன்றுகொண்டே போனது. பெரிய ஆட்டுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. பிறந்து ஆறு நாளான ஒரு பெட்டைக்குட்டியின் பின்னங்கால் இரவில் அதற்குள் இறங்கிவிட்டது. இழுத்திருக்கிறது, மறுபடியும் இழுத்திருக்கிறது. விடிந்து நான் போனபோது கால் ஒடிந்து, குட்டி கத்திக் கத்தி ஓய்ந்து கிடந்தது. அதன் தாய் பக்கத்திலேயே நின்று அதை நக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி இன்றும் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த ஐப்பசியில் இன்னும் மூன்று குட்டிகள் இரத்தக்கழிச்சலில் போயின. மிஞ்சியவை வாரத்துக்கு இருநூறு கிராம் ஏறுவதே பெரும்பாடாக இருந்தது. அப்போதுதான் அம்மா, ஒன்றுவிட்ட அக்கா முறையான பெரியம்மாவைக் கூட்டிவந்தாள்.

பெரியம்மா வீட்டுக்காரர் நாற்பது வருடமாக ஆடு வைத்திருப்பவர். அறுபது கன்னி ஆடுகள், கொஞ்சம் கொடி ஆடுகள். பெரியப்பா காட்டுக்கு ஓட்டிப் போவார். தொழுவும் குட்டிகளும் பெரியம்மா கையில். மறுநாளே போய், "எனக்குச் சொல்லிக்குடுங்க" என்று கேட்டேன். "சொல்லிக் குடுக்க என்னய்யா இருக்கு, வந்து பெருக்கு" என்றார். பதினான்கு மாதம் பெருக்கினேன்.

பெருக்குவதற்குள்தான் பாதிப் பாடம் இருந்தது. எந்த மூலையில் புழுக்கை கெட்டியாக உருண்டு கிடக்கிறது, எந்த மூலையில் களிமண் போல ஒட்டுகிறது என்று விளக்குமாறே சொல்லும். ஒட்டினால், நேற்று இரவு அங்கே படுத்த குட்டிகளின் வாலடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பெருக்கி முடித்து நாலு மூலையிலும் உட்கார்ந்து மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். வாடை தரையில் பிறந்து மேலே வருகிறது. ஐந்தரை அடி உயரத்தில் எனக்கு அது கலைந்துபோன மணம். அரையடி உயரத்தில் தலை வைத்துத் தூங்கும் குட்டிக்கு அது இரவு முழுக்க உள்ளே போகும் காரம். நுரையீரலின் உள்தோல் அதில் புண்பட்டால் சளியும் நிமோனியாவும் தங்குவதற்கு வழி கிடைத்துவிடுகிறது. என் பரணுக்கு அடியில் புழுக்கையை மூன்று மாதமாக அள்ளாமல் விட்டிருந்தேன். உரமாக மொத்தமாக விற்கலாம் என்று கணக்கு. அதில் மழைச்சாரலும் மூத்திரமும் இறங்கி ஊறி, அந்தக் காரம் ரீப்பர் இடுக்கு வழியாக நேராகக் குட்டிகளின் மூக்குக்கு ஏறிக்கொண்டிருந்தது.

நான் அங்கே போன இரண்டாவது வாரம், ராத்திரி பத்து மணிக்குப் பெரியம்மா ஆள் அனுப்பினார். ஒரு செங்கன்னி குட்டி போடப் போகிறது. மற்ற ஆடுகளிடமிருந்து விலகி, ஒரு மூலையில் மண்ணைக் காலால் பறித்துக்கொண்டு நின்றது. பெரியம்மா ஒரு தட்டியை இழுத்து அந்த மூலையைத் தனியாக்கினார். இரட்டைக்குட்டி. முதல் குட்டி விழுந்ததும் நான் துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூக்குல இருக்க கோழைய மட்டும் வழிச்சு விடு. மிச்சத்த அவ நக்கட்டும். நக்கினாத்தான் இது என் பிள்ளன்னு அவளுக்குத் தெரியும்."

நான் என் கொட்டகையில் என்ன செய்திருந்தேன் தெரியுமா? சுத்தமாக இருக்கட்டும் என்று, பிறந்த குட்டிகளை உடனே தூக்கிக்கொண்டு போய், துடைத்து, தனிப்பெட்டியில் வைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தாயிடம் கொண்டுவந்து விட்டேன். இரண்டு ஆடுகள் தங்கள் குட்டியை முட்டித் தள்ளின. கெட்ட ஆடு என்று திட்டினேன். குட்டி போட்ட முதல் ஒரு மணி நேரத்தில்தான் தாய் அந்த மணத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தை நான் எடுத்துக்கொண்டுவிட்டு, அடையாளம் தெரியாத பிள்ளையை அதன் மடியில் திணித்திருக்கிறேன். தட்டி அடைத்த அந்த மூலை ஒரு பெரிய செலவில்லாத ஏற்பாடு. மூன்று நாள் தாயும் குட்டியும் அதற்குள் இருக்கும். வேறு ஆடு வந்து முகராது, மிதிக்காது. அரை மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்துவிடும். இரட்டையில் சிறிய குட்டியும் காம்பைக் கண்டுபிடிக்கும் வரை பெரியம்மா அசையாமல் பக்கத்தில் இருப்பார்.

மறுநாள் காலையில் போனால் தட்டிக்குள் தாய் மட்டும் நிற்கிறது. குட்டிகளைக் காணோம். நாய் வந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். பெரியம்மா சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகையைக் காட்டினார். அதன் பின்னால் இருந்த சாண் அகல இருட்டுக்குள் இரண்டும் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன.

செம்மறிக்குட்டி பிறந்ததும் தாயின் பின்னாலேயே ஓடும். வெள்ளாட்டுக்குட்டி அப்படியில்லை. முதல் சில நாள் ஒளிந்துகொள்ளும். மலையிலும் பாறையிலும் திரிந்த காலத்துப் பழக்கம் அது. தாய் குட்டியைப் பொந்தில் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும், திரும்பி வந்து குரல் கொடுக்கும், அப்போது குட்டி வெளியே வரும். அம்மா கூடையைக் கவிழ்த்ததும், கீதாரிகள் கிடையில் குட்டிகளுக்குத் தனியாகக் கூடு வைப்பதும் நாய், நரிக்குப் பயந்து மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த இருட்டு குட்டிக்கே வேண்டியிருக்கிறது. என் பரணில் ஒளிய ஒரு மறைப்பு கிடையாது. எட்டுத் திசையும் வெளிச்சம், எட்டுத் திசையும் பெரிய ஆடுகளின் கால். அவை சுவரோடு சுவராக ஒட்டி நின்றதை அடக்கம் என்று நினைத்தேனே!

இதைக் கற்ற பிறகு, கொட்டகை போட யோசனை கேட்கும் யாரிடமும் நான் முதலில் சதுர அடிக் கணக்கைச் சொல்வதில்லை. வளர்ந்த ஆட்டுக்குப் பத்து முதல் பதினைந்து சதுர அடி, குட்டிக்கு நாலைந்து சதுர அடி என்ற கணக்கு பயிற்சிக் கையேடுகளில் இருக்கிறது, அது சரியான கணக்குத்தான். ஆனால் என் கொட்டகையிலும் அந்தக் கணக்குப்படி இடம் இருந்தது.

பெரியம்மாவின் தொழுவை முதலில் பார்த்தபோது எனக்கு அது பாதியில் நிறுத்திய வேலை போலத் தெரிந்தது. பாதி இடத்தில் பரண், மீதிப் பாதி மண்தரை. மண்தரையில் ஓடைமணல் கொட்டியிருந்தது. பரணின் பெரிய பகுதி தாய் ஆடுகளுக்கு. ஒரு ஓரம் மட்டும் குட்டிகளுக்கு, அங்கே ரீப்பர் இடுக்கில் என் சுண்டுவிரல் நுனி நுழையாது. அதற்கு மேல் சாக்கு விரித்திருக்கும், தினம் எடுத்து வெயிலில் போட வேண்டும்.

ஐப்பசி வந்தபோது இந்தப் பாதிப் பாதியின் அருமை தெரிந்தது. நாலு நாள் அடைமழை. கரிசல் மண் ஒருமுறை குடித்த நீரை ஒரு வாரம் வைத்திருக்கும். அந்த நாலு நாளும் குட்டிகள் பரணை விட்டு இறங்கவில்லை. பக்கத்து ஊரில் வெறும் மண்தொழுவில் கிடந்த குட்டிகள் கழியத் தொடங்கின. இரத்தக்கழிச்சல் எப்படிப் பரவுகிறது என்பதை நெல்லை இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு நாள் பயிற்சிக்குப் போனபோது நன்றாக விளங்கிக்கொண்டேன். அந்தக் கிருமியை நுண்ணோக்கியில் காட்டினார்கள், மணிமணியாகச் சின்னச் சின்ன உருண்டைகள். தாய் ஆட்டின் புழுக்கையிலேயே இருக்கும், தாய்க்கு ஒன்றும் செய்யாது. வெளியே விழுந்த உடனே அது தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் சில நாளில் பக்குவப்பட்டுவிடும். மூன்று வாரத்துக்கு மேல், குட்டி மண்ணையும் சுவரையும் நக்கிப் பழகும் வயது. சரியாக அந்த வயதில் போய் வயிற்றில் இறங்கி, குடலின் உள்தோலைத் தின்னும். பிழைத்த குட்டிக்கும் குடல் தேறுவதற்கு நாள் ஆகும். தின்றது உடம்பில் ஒட்டாது.

"என்கிட்ட பரண்தானே இருந்தது, எப்படி வந்தது?" என்று அங்கேயே கேட்டேன். தண்ணீர்ச் சட்டி எங்கே இருந்தது என்று திருப்பிக் கேட்டார் மருத்துவர். பரணிலேயே, ஒரு மூலையில். ஆடுகள் முட்டி அது தினமும் சிந்தும். சிந்திய இடத்தில் புழுக்கை ஊறிக் குழம்பி நிற்கும், பலகை இடுக்கு அடைத்துக்கொள்ளும். நாலடி உயரத்தில் ஒரு சேற்றுத்தரையை நானே உண்டாக்கி வைத்திருந்தேன். பெரியம்மா வீட்டில் தண்ணீர் தொழுவுக்கு வெளியே, கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கும். தலையை மட்டும் நீட்டிக் குடிக்கலாம்.

இனி சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐந்தரை மணி. ஆடுகள் காட்டிலிருந்து திரும்ப இன்னும் அரை மணி இருக்கும். வெயில் தணிந்துவிட்டது. குட்டிகளை மணல்தரைக்குத் திறந்து விடுவார் பெரியம்மா. அங்கே ஒரு உடைந்த ஆட்டுரல், கவிழ்த்துப் போட்ட ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒரு பனந்துண்டு, கொஞ்சம் கல்குவியல். நான் வந்த புதிதில் இதையெல்லாம் அப்புறப்படுத்தட்டுமா என்று கேட்டவன். முதலில் ஒரு குட்டி தலையைச் சிலுப்பும். சும்மா நிற்பது போல நின்று, திடீரென்று நாலு காலும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பும். காற்றிலேயே இடுப்பு ஒரு பக்கம் திரும்பும், தலை இன்னொரு பக்கம். இறங்கியதும் குறுக்கே ஒரு ஓட்டம். அவ்வளவுதான், அது மற்றதுக்கெல்லாம் தொற்றிக்கொள்ளும். உரல் மேல் ஒன்று ஏறும், அதை இறக்க இன்னொன்று முட்டும். தொட்டி மேலிருந்து பனந்துண்டுக்கு ஒரு தாவல். பிறந்து பத்து நாளானது பின்னங்காலில் எழுந்து நின்று, இல்லாத கொம்பை ஆட்டிக்கொண்டு முட்ட வரும். இருபது நிமிடம் தொழுவே அதிரும். எங்கள் பக்கம் இதற்குக் குதியாளம் என்று பெயர்.

பெரியம்மா அந்த இருபது நிமிடமும் வேறு வேலை பார்க்க மாட்டார். உலை கொதித்தாலும் மருமகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு திட்டில் உட்காருவார். நான் ஒருநாள் குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "எல்லாத்தையும் என்னத்துக்கு எண்ணுத? ஆடாம நிக்கத எண்ணு" என்றார்.

எனக்கு அப்போது எடை நோட்டின் மீது அளவில்லாத நம்பிக்கை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு குட்டியையும் சாக்குத் தொட்டிலில் போட்டு, கொக்கித் தராசில் தொங்கவிட்டு எழுதுவேன். பிறக்கும்போது ஒரு கிலோ தொள்ளாயிரம், முதல் வாரம் இரண்டு நானூறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அங்கே ஒழுங்காக வளர்ந்த குட்டிகள் வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி ஏறின. மூன்று மாதத்தில் எட்டு கிலோ. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வரிசையாக நன்றாக ஏறிக்கொண்டிருந்த ஒரு கிடாக்குட்டியைப் பெரியம்மா காட்டினார். அது உரலுக்குப் பக்கத்தில் நின்று, ஆடுகிற குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண் தெளிவாக இருந்தது, பால் குடித்திருந்தது, வாலடி சுத்தம். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வியாழக்கிழமை கழியத் தொடங்கியது. சனிக்கிழமை தராசு நூறு கிராம் ஏற்றம் மட்டுமே காட்டியது. தராசு சனிக்கிழமை சொன்னதைக் குட்டி செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டது.

விளையாட்டு என்பது உடம்பில் மிச்சம் இருக்கும்போதுதான் வரும். பசியோ, காய்ச்சலோ, குடலில் பூச்சியோ, முட்டித் தள்ளும் பெரிய குட்டியின் பயமோ வந்தால் குட்டி முதலில் கைவிடுவது அதைத்தான். பால் குடிப்பதைக் கடைசியில்தான் விடும். அதனால் குதியாளம் போட இடமில்லாத கொட்டகையில் நமக்கு அந்த முதல் செய்தி வரவே வராது. எல்லாக் குட்டியும் சும்மா நிற்கும் இடத்தில், சுகமில்லாமல் நிற்பதை எப்படிப் பிரித்தறிவது? கல் மேல் ஏறி இறங்குவதால் குளம்பு தேய்வதும், கால் உறுதிப்படுவதும் தனி லாபம். என் பரணிலேயே வளர்ந்த குட்டிகளுக்கு நாலு மாதத்தில் குளம்பு முன்னால் நீண்டு வளைந்துவிட்டது. நான்தான் கத்தரித்துவிட வேண்டியிருந்தது.

தீனி விஷயத்தில் பெரியம்மாவுக்கும் எனக்கும் ஒரு சின்னப் பிணக்கு இருந்தது. பிறந்து இரண்டு வாரத்தில் குட்டி இலையைக் கடித்துப் பார்க்கத் தொடங்கும். பாலை நம்பியிருக்கும் வயிறு அசைபோடும் வயிறாக மாறுவதற்கு அந்தக் கடிதான் தொடக்கம். இலையும் தானியமும் உள்ளே போய்ப் புளித்தால்தான் பெருவயிறு விரியும். அடர்தீனியை நிறையக் கொடுத்தால் சீக்கிரம் எடை ஏறும் என்பது என் கட்சி. "பால்குடிக்கு முந்தி பந்தி போடாத" என்பது அவர் கட்சி. நடுவில் வந்து நின்றோம். தொழுவின் ஓரத்தில் ஒரு அடைப்பு, அதற்குக் குட்டி மட்டும் நுழைகிற அளவில் ஒரு சட்டம். தாய் தலையை விடலாம், உடம்பு போகாது. உள்ளே கொஞ்சம் மக்காச்சோளக் குருணையும் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கலந்து ஒரு தட்டு. அதற்கு மேலே அகத்திக் குழையும் உடைக் குழையும் கட்டித் தொங்கும். தரையில் போட்டால் மிதித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தலைக்கு மேல் ஆடினால், பின்னங்காலில் நின்று எட்டி எட்டிப் பறிக்கும்.

அந்த அடைப்புக்குள்தான் நெருக்கடி என்ன செய்யும் என்பதையும் கண்டேன். தை மாதம் ஒரே வாரத்தில் பதினாறு குட்டிகள். தட்டு ஒன்று. பெரிய கிடாக்குட்டிகள் நாலைந்து முட்டி முன்னால் நிற்கும், சிறியவை பின்னால் சுற்றிச் சுற்றி வரும், மிச்சம் கிடைப்பது தூசி. ஒன்று மட்டும் பக்கத்துக் குட்டியின் காதைச் சப்பத் தொடங்கியது. தீனியைக் கூட்டினேன், பெரியவை இன்னும் பெரிதாயின. பெரியம்மா தீனியைத் தொடவில்லை. நடுவில் ஒரு தட்டி வைத்து, அளவு பார்த்து இரண்டாகப் பிரித்தார். இரண்டாவது தட்டை எதிர் மூலையில் வைத்தார். மூன்றாவது வாரம் என் நோட்டில் பின்தங்கிய குட்டிகள் முன்னவற்றின் ஏற்றத்தைப் பிடித்துவிட்டன. தீனி ஒரு பிடிகூட அதிகமில்லை.

தனியாக வளர்த்த ஒரு குட்டியையும் மறக்க முடியாது. தாய் செத்துப்போன கிடாக்குட்டி, நான் வீட்டுக்குக் கொண்டுபோய் புட்டியில் பால் கொடுத்தேன். எடை பிரமாதமாக ஏறியது. என் கட்டிலுக்கடியில் படுக்கும், நான் தெருவுக்குப் போனால் ஊரே கேட்கிற மாதிரி கத்தும். இரண்டு மாதம் கழித்து மந்தையில் விட்டபோது, அது ஆடுகளுக்குள் ஆடாக நிற்கவே இல்லை. கம்பியோரம் நின்று மனிதர் வரும் வழியையே பார்த்தது. கொம்பு வந்ததும் பயமில்லாமல் ஆட்களை முட்டத் தொடங்கியது, குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளை. விற்கும்படி ஆயிற்று. "ரெண்டாவது நாளே கூட ஒரு குட்டிய சேத்துக் கட்டியிருக்கணும். அதுக்குத் தான் யாருன்னு தெரியாமப் போச்சு" என்றார் பெரியம்மா.

அதே மாதிரி, என் பரணில் வளர்ந்த ஐந்து குட்டிகளைப் பெரியப்பாவோடு காட்டுக்கு அனுப்பியபோது அவை நடந்துகொண்டதைச் சொல்ல வேண்டும். மந்தை நடக்கத் தொடங்கியதும் இவை வாசலிலேயே நின்றன. ஓட்டிக்கொண்டு போனால், மற்ற குட்டிகள் தாயின் வாய்க்குப் பக்கத்தில் வாயை வைத்து, தாய் கடிக்கிற இலையைக் கடித்துப் பழகிக்கொண்டிருக்க, இவை நிழலில் கூடி நின்று தட்டைத் தேடின. உடைமுள் விலக்கி இலை எடுக்கத் தெரியவில்லை. பத்து நாளில் இரண்டு பழகின, மூன்று திரும்பின. கொட்டில் குட்டிக்கு நடை மிச்சம், தின்றது எடையாகும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குத் தினமும் நாமே குறைவில்லாத தீனி போட வேண்டும். மேய்கிற குட்டி அலைச்சலில் கொஞ்சம் இழக்கும், பத்து வகைக் குழையும் பழகி நோய்க்குத் தாங்கும். எங்கள் கன்னிக்கு, எங்கள் காட்டுக்கு, காலையில் மேய்ச்சலும் மதியத்துக்கு மேல் தொழுவும்தான் பொருந்துகிறது என்று நான் நினைக்கிறேன். மேய்ச்சலே இல்லாத ஊரில் இருப்பவருக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

என் கொட்டகையைப் போன சித்திரையில் பிரித்துக் கட்டினேன். தகரத்துக்கு மேல் பனையோலை வேய்ந்தேன், மதியம் உள்ளே நிற்க முடிகிறது. நீளவாக்கு கிழக்கு மேற்காகவே இருந்ததால் திருப்ப வேண்டியிருக்கவில்லை. பாதிப் பரணைக் கழற்றி மணல் நிரப்பினேன். மீதிப் பாதிக்குக் காய்ந்த வேப்பம்பலகை. ஒவ்வொரு இடுக்கிலும் என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்துத்தான் ஆணி அடித்தேன். அம்மா பழைய கூடை ஒன்றைக் கொண்டுவந்து, வாசல் போல ஒரு பக்கம் அறுத்துக் கவிழ்த்து வைத்தாள். ஆட்டுரல் பெரியம்மா வீட்டிலிருந்தே வந்தது.

ஆவணியில் ஒன்பது குட்டிகள் விழுந்தன. ஒரு மாதம் ஆனபோது பெரியம்மா ஒரு சாயங்காலம் வந்தார். ஒன்றும் சொல்லாமல் மணலில் குத்தவைத்து உட்கார்ந்தார், மூச்சை இழுத்துப் பார்த்தார், தலையசைத்துக்கொண்டார். குட்டிகளைத் திறந்து விட்டேன். ஒன்று சிலுப்பியது. ஒன்று எழும்பியது. பிறகு ஒரே ஓட்டமும் முட்டலும்தான். ஒரு செங்கன்னி, பெரியம்மாவின் முதுகை இன்னொரு கல் என்று நினைத்து ஏறி நின்றது. அவர் அசையவில்லை. இருட்டும் வரை பார்த்தார்.

எழுந்திருக்கும்போது, கூடைக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஒரு பால்கன்னிப் பெட்டையைக் காட்டினார். "அத சனிக்கிழம வரைக்கும் வச்சிக்கிடாத."

அவரைத் தெருமுனை வரை கொண்டுவிட்டுத் திரும்பினேன். விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, குட்டியைத் தூக்கி மடியில் போட்டு வாலடியைப் பார்த்தேன். மயிர் ஈரமாகி ஒட்டியிருந்தது. சாக்குத் தொட்டிலில் போட்டுத் தராசில் தொங்கவிட்டேன். நான்கு நூறு. போன சனிக்கிழமையும் நான்கு நூறுதான். மறுநாள் புழுக்கையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக ஒரு டப்பியைக் கழுவி வைத்துவிட்டு, தட்டியை இழுத்து மூலையை அடைத்தேன். முதலில் தாயை உள்ளே விட்டேன், பிறகு குட்டியை. தாய் அதை இரண்டு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு நக்கத் தொடங்கியது.